வெள்ளம் வரும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாமா?

(நமது சங்கத்தின் மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



மோட்டார், ஜெனரேட்டர், மழைநீர் வடிகால் இவற்றைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். நான் வங்கியில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க் வேலை பார்த்தவன். பம்ப் செட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாவி, பூட்டு, ரிஜிஸ்டர், கையெழுத்து இவைதான் எனக்குப் பழக்கம். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் ஏறுகிறது, வெளியேறுங்கள் என்கிறார்கள். "நாங்கள் போய்விட்டால் வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். இதற்கு என்ன பதில்?

இது சின்னக் கேள்வி அல்ல. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை, பட்டரவாக்கம், கொரட்டூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும், அங்கிருந்து இரட்டை ஏரிக்குப் போக வேண்டும். போகிற வழியில் நாம் குடியிருக்கிறோம். நம் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்களை மாடிக்கு வரச் சொன்னபோது, வயதான ஒரு அம்மா கடைசி வரை வர மறுத்தார். கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் பீரோ. "கதவு ஊறிப்போய்ச் சாத்தவே மாட்டேங்குது, நான் எப்படிப்பா விட்டுட்டு வருவேன்?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அவருக்கு நாம் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. "உயிர் முக்கியம்மா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னோம். உயிர் முக்கியம் என்பது அவருக்குத் தெரியாதா?

2015 டிசம்பரிலும் இதே கதைதான். டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் முதல் மாடி வரை தண்ணீர் வந்தது. விமான நிலையத்தை மூடினார்கள். 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழை மறுநாள் சென்னையில் அச்சிட முடியவில்லை, அச்சகத்துக்கு ஆட்கள் போகவே வழியில்லை. அப்படிப்பட்ட நிலையிலும் படகு வந்து கூப்பிட்டபோது, குடும்பத்தை அனுப்பிவிட்டு ஒருவர் மட்டும் மொட்டை மாடியில் காவலுக்குத் தங்கிய வீடுகள் உண்டு. குடிநீர் இல்லாமல், போன் இல்லாமல், மாத்திரை இல்லாமல் தங்கினார்கள். திருட்டுப் பயம் ஒரு மனிதனை அங்கேயே கட்டிப்போடுகிறது. அதைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

திருட்டு உண்மையிலேயே நடக்கிறதா?

நடக்கிறது. நமக்கு மட்டும் அல்ல. பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள் 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தவித்திருப்பீர்கள். பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு பெரிய தீ. 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 1,80,000 பேர் வெளியேற உத்தரவிடப்பட்டார்கள். அங்கே காலி வீடுகளில் புகுந்தவர்களைப் போலீஸ் கைது செய்தது. மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு போட்டார்கள், ராணுவக் காவல் வந்தது. தீயணைப்பு வீரர் மாதிரி உடை அணிந்து வந்த ஒருவரே பிடிபட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் சீருடையைப் பார்த்தாலே நாம் கதவைத் திறந்துவிடுகிறோம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1963இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். வெள்ளம், புயல், பூகம்பம் நடந்த இடங்களுக்கு நேரே போய் விசாரித்தவர்கள் அவர்கள். அதை நடத்திய குவாரன்டெல்லி, டைன்ஸ் என்ற அறிஞர்கள் சொன்னது இதுதான்: இயற்கைப் பேரிடர்களில் கொள்ளை பற்றிய பேச்சு அதிகம், நடப்பது அதைவிட மிகக் குறைவு, பெரும்பாலான மக்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்கிறார்கள். 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரில் கொள்ளை பற்றிய செய்தி பரவியது. மேயர், மீட்பு வேலையில் இருந்த போலீசாரைத் திருப்பிக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார். கூரை மேல் ஜனங்கள் காத்திருந்த நேரம் அது. அன்று வந்த பயங்கரச் செய்திகளில் பல மிகைப்படுத்தப்பட்டவை என்று பிறகு தெரிந்தது.

ஆகவே, திருட்டு நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோரும் திருட வருகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பயத்துக்கு ஒரு அளவு இருக்கட்டும், ஏற்பாடு முழுமையாக இருக்கட்டும் என்கிறேன்.

கரண்ட் போனால் என்ன காவல் இருக்கும்?

நம் கட்டடத்தில் சிசிடிவி இருக்கிறது என்று தைரியமாக இருக்கிறோம். தண்ணீர் ஏறினால் மின்வாரியம் முதலில் செய்வது மின்சாரத்தை நிறுத்துவது. அது சரிதான், மின்கசிவில் உயிர் போகக்கூடாது. ஆனால் அந்த நொடியில் சிசிடிவி, இன்டர்காம், வாசல் விளக்கு, லிஃப்ட், சிலர் புதிதாகப் போட்டிருக்கும் எலெக்ட்ரானிக் பூட்டின் சார்ஜ் எல்லாம் கேள்விக்குறி. அதைவிட முக்கியம், கேமரா பதிவாகும் டிவிஆர் பெட்டி எங்கே இருக்கிறது? தரைத்தளத்தில் வாட்ச்மேன் அறையில், மேஜைக்குக் கீழே. முதலில் முழுகப்போவது அதுதான். அதை முதல் மாடிக்கு மாற்றி, ஒரு சின்ன யுபிஎஸ் கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, வாட்ச்மேன். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, பெரும்பாலும் நம்மைவிடத் தாழ்வான இடத்தில். தண்ணீர் வந்தால் அவர் தன் பிள்ளைகளைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும். "எங்கே அந்த ஆளைக் காணோம்?" என்று அன்றைக்குக் கத்துவதில் பயன் இல்லை. அவர் போனால் கேட்டில் யார் என்று இப்போதே எழுதி வைப்போம். அவர் இங்கேயே இருக்க ஒப்புக்கொண்டால், அவர் குடும்பம் தங்க நம் கம்யூனிட்டி ஹாலை இப்போதே ஒதுக்குவோம்.

இரண்டு சாவி முறை

வங்கியில் பணம் வைக்கும் பாதுகாப்பு அறையை எவ்வளவு பெரிய மேனேஜராக இருந்தாலும் தனி ஆளாகத் திறக்க முடியாது. கேஷியரிடம் ஒரு சாவி, அதிகாரியிடம் ஒரு சாவி. இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். திறந்தால் ரிஜிஸ்டரில் நேரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் யார் மேலும் சந்தேகம் கிடையாது. நாளைக்கு ஒரு ரூபாய் குறைந்தால் நல்லவர் மேல் பழி விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதையே நம் கட்டடத்துக்குச் செய்யலாம் என்பது என் யோசனை.

ஒன்று. வெளியேறும் குடும்பம், விருப்பம் இருந்தால், மாற்றுச் சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கவர் மேல் மாடியில் ஒரு பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு இரண்டு பூட்டு, வெவ்வேறு குடும்பங்களில் இரண்டு பேரிடம் சாவி.

இரண்டு. அவசரத்துக்கு, அதாவது கேஸ் வாசனை, குழாய் உடைப்பு மாதிரி விஷயத்துக்கு, யார் வீட்டையாவது திறக்க வேண்டும் என்றால் இரண்டு பேர் சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும். போவதற்கு முன் வீட்டுக்காரருக்குப் போன் செய்ய முயல வேண்டும். ரிஜிஸ்டரில் நேரம், காரணம், இரண்டு கையெழுத்து. திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று. யார் யார் வெளியேறினார்கள், எங்கே இருக்கிறார்கள், எந்த எண்ணில் பேசலாம் என்ற பட்டியல் அந்த இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். தயவுசெய்து நம் வாட்ஸ்அப் குழுவில் "நாங்கள் தாம்பரம் மச்சினர் வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்று போடாதீர்கள். அந்தக் குழுவில் 200க்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. வீடு காலி செய்து போன வாடகைக்காரர்கள்கூட இன்னும் இருக்கிறார்கள். பூட்டிய கதவின் போட்டோவை முகநூலில் போடுவதும் அப்படித்தான்.

நான்கு. தங்கியிருப்பவர்கள் இரண்டிரண்டு பேராக முறை வைத்து டார்ச்சுடன் மாடி மாடியாக ஒரு சுற்று வரட்டும். ஒரே ஒரு கேட் மட்டும் திறந்திருக்கட்டும். நிவாரணம் கொடுக்க வருகிறேன், மின்வாரியத்திலிருந்து வருகிறேன், மாநகராட்சியிலிருந்து வருகிறேன் என்று வருபவர்களை மரியாதையாக வாசலில் நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, பெயர் எழுதி, கூடவே ஒருவர் போகட்டும். உண்மையான ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து. வெளியேறுகிறோம் என்று காவல் நிலையத்துக்கு எழுத்தில் சொல்வது நல்லது. ஒவ்வொருவராகப் போக முடியாது. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், இத்தனை வீடுகள் பூட்டியிருக்கின்றன, தொடர்புக்கு இன்னார் என்று ஒரே கடிதம் கொடுக்கலாம். ரோந்து வர அது உதவும். அவசரத்துக்கு 112. மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, மாநகராட்சிக்கு 1913. இவற்றை எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். போனில் சார்ஜ் போன பிறகு தேட முடியாது.

நகை, பத்திரம், பணம்

அந்த அம்மாவின் பீரோவுக்கு வருகிறேன். அதில் இருந்தது நகையும் வீட்டுப் பத்திரமும்.

நகைக்கு லாக்கர் நல்லதுதான். ஆனால் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி இவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம் வரை. வெள்ளம், பூகம்பம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் வந்த சேதத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத வரை, அந்தப் பொறுப்பு இல்லை. எனவே உங்கள் லாக்கர் தரைத்தளத்திலா, மாடியிலா என்று பாருங்கள். உள்ளே வைக்கும் காகிதங்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு வையுங்கள். நாமினேஷன் இல்லாதவர்கள் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். மழை ஆரம்பித்த பிறகு வங்கிக்கு ஓட வேண்டாம்.

பத்திரம் தொலைந்தால் வீடே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்தியது. எல்லா ஆவணங்களையும் இப்போதே போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில் இருக்கட்டும். கையில் எடுத்துப் போகும் பையில் ரேஷன் கார்டை மறக்காதீர்கள். மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

பணத்தை வீட்டில் அதிகம் வைக்காதீர்கள். ஏடிஎம் வேலை செய்யாது, கடையில் போன் மூலம் பணம் அனுப்ப முடியாது என்பதால் நாலு நாள் செலவுக்குச் சில்லறையாக வைத்தால் போதும். நோட்டு நனைந்துவிட்டால் அயர்ன் பாக்ஸ் போடாதீர்கள். நிழலில் பிரித்து உலர்த்தி வங்கிக்கு எடுத்துப் போங்கள். கிழிந்த, கெட்டுப்போன நோட்டை விதிப்படி மாற்றித் தருவது எல்லா வங்கிக் கிளைகளின் கடமை.

காப்பீடு

இது பலருக்குத் தெரியாத விஷயம். வீட்டுக் காப்பீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டு வந்தது. எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் அதைத் தர வேண்டும். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். வெள்ளம் போன்ற நிகழ்வு நடந்து 7 நாட்களுக்குள், அதன் காரணமாக நடக்கும் திருட்டும் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். ரொக்கம் சேராது. நகைக்குத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். சாதாரண நாளில் நடக்கும் திருட்டுக்கு வேறு பாலிசி வேண்டும். 7 நாள் கணக்கு இருப்பதால், தண்ணீர் வடிந்ததும் யாராவது ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பது அவசியம்.

திரும்பி வரும்போது பூட்டு உடைந்திருந்தால் உள்ளே போய் எதையும் ஒதுக்காதீர்கள். முதலில் போட்டோ, பிறகு 112. புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலையும் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி புகாரை மின்னணு முறையிலும் அனுப்பலாம். 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். குடியிருக்கும் வீட்டில் திருடுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 305ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காப்பீட்டுக் கம்பெனிக்கும் உடனே தகவல் கொடுங்கள். சாமான்களின் போட்டோவும் பில்லும் இருந்தால் சர்வேயரிடம் வாதாட வேண்டியதில்லை.

யாரைச் சந்தேகப்படுவது?

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். மழை நேரத்தில் நம் குழுவில் "வடக்கத்திப் பையன்கள் நாலு பேர் சுற்றுகிறார்கள், ஜாக்கிரதை" என்று ஒரு செய்தி வந்தது. பின்னால் விசாரித்தால், எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். அவர்கள் தங்கியிருந்த ஷெட்டில் தண்ணீர் புகுந்து, நிற்க மேடான இடம் தேடியிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றியும் இப்படிப் பேச்சு வருகிறது. அவர்கள் வீட்டிலும் அன்று இடுப்பளவு தண்ணீர்.

2018 மே மாதம், குலதெய்வம் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துபவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்தக் குடும்பத்து மூதாட்டி இறந்துபோனார். அடித்தவர்கள் யாரும் தொழில்முறை ரவுடிகள் அல்ல, நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்தான். நம் கேட்டில் அப்படி ஒன்று நடந்தால், தொலைந்த டிவி, வாஷிங் மெஷின் கணக்கில் அதை ஈடு செய்ய முடியாது. கண்ணால் பார்த்ததை மட்டும் அந்த இரண்டு பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அவர்கள் போலீசுக்குச் சொல்லட்டும். ஃபார்வர்டு வேண்டாம், கைகலப்பு வேண்டவே வேண்டாம்.

இப்போது முடிவு செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் அல்லது மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன் மூன்று காரியங்களைச் செயற்குழு முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டிவிஆர் பெட்டியை மேலே ஏற்றுவது. இரட்டைப் பூட்டுப் பெட்டியும் ரிஜிஸ்டரும், இரண்டு பொறுப்பாளர்களும். மூன்றாவதாக, தரைத்தளத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாடியில் ஒரு குடும்பம் என்று இப்போதே பெயர் சொல்லி முடிவு செய்வது. அவர்களுடைய பீரோவில் இருக்கும் முக்கியமான பொருட்களை வைக்க மாடி வீட்டில் ஒரு அலமாரித் தட்டு. சாவி தரைத்தளத்துக்காரரிடமே இருக்கட்டும்.

கிளம்பும்போது செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரியும், ஞாபகத்துக்குச் சொல்கிறேன். மெயின் ஸ்விட்சை அணையுங்கள். கேஸ் சிலிண்டரை மூடி, கவிழாமல் கட்டி வையுங்கள். ஜன்னல் கொக்கி, பால்கனிக் கதவு பாருங்கள். பால், பேப்பர் நிறுத்தச் சொல்லுங்கள். மருந்து, கண்ணாடி, கேட்கும் கருவி, சார்ஜர் பையில் இருக்கட்டும். பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

இனி தண்ணீர் வந்தால் அந்த அம்மாவிடம் நாம் வெறுமனே "உயிர் முக்கியம்" என்று சொல்ல வேண்டியதில்லை. "உங்கள் சாமான் மேலே இன்னார் வீட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி உங்கள் கையில், கதவை இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள், ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறது, வாங்கம்மா" என்று சொல்லலாம். அதற்கு அவர் வருவார்.

பொறுப்பாளராக இருக்க முன்வருபவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஒரு சாவிக்கு நான் தயார். இன்னொரு சாவிக்கு ஒருவர் வேண்டும்.